வரைபடத்தைக் கேட்போம், வாருங்கள்!

அரூர், ஊத்தங்கரைப் பக்கத்துப் பாறை ஏலப் பட்டியலில் ஏறிவிட்டது. 2023 நவம்பர் 29 அன்று ஒன்றிய அரசு முதல் சுற்றாக 20 கனிமத் தொகுதிகளை ஏலத்துக்கு அறிவித்தது. அந்தப் பட்டியலில் மருதிப்பட்டி, வேலம்பட்டி, நொச்சிப்பட்டி என்று நாம் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்களின் பெயர்கள் இருந்தன. அங்கே தேடுவது மாலிப்டினம். எஃகுக்கு உறுதி ஏற்றச் சேர்க்கும் உலோகம் அது. போதிய போட்டியாளர் வரவில்லை என்று அந்த 20 தொகுதிகளில் 13-இன் ஏலம் 2024 மார்ச்சில் ரத்தானது. "ஏலம் நின்னு போச்சு, விடுங்க" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். நிற்கவில்லை தோழர்களே. ரத்தான தொகுதிகளை அடுத்த சுற்றுகளில் மறுபடி கொண்டுவருகிறார்கள். பாறை எங்கேயும் ஓடிப்போகாது. அதன் மேல் கண் வைத்தவர்களும் விட்டுப்போக மாட்டார்கள்.

நமக்குக் கிடைத்திருப்பது கொஞ்சம் அவகாசம். அதை வீணாக்காதீர்கள் என்று கேட்கவே இந்த அழைப்பு.

சுரங்கமே கூடாது என்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். வேலை வந்தால் பையன்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் ரயிலேற வேண்டாமே என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதத்தை இன்னொரு நாள் நடத்துவோம். இரண்டு தரப்பும் ஒன்றாக நிற்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பாறையை அரைத்துக் கனிமத்தை எடுத்த பிறகு மிஞ்சும் சேற்றை எங்கே தேக்குவார்கள், எந்தக் கரையை நம்பித் தேக்குவார்கள், அந்தக் கரைக்குக் கீழே யார் குடியிருப்பார்கள்?

நம் பகுதிக் கனிமத்தில் ஒரு டன் பாறையை உடைத்து மாவாக்கினால் ஒரு கிலோ மாலிப்டினம்கூடத் தேறாது. அந்த மாவைத் தண்ணீரிலும் எண்ணெய் வகை ரசாயனத்திலும் கலக்கி நுரைக்க வைப்பார்கள். கனிமம் நுரையோடு மேலே வரும், அதை வழித்தெடுப்பார்கள். மிச்சம் முழுவதும் சேறு. சுரங்கக்காரர்கள் அதை டெய்லிங்ஸ் என்பார்கள். இந்தியச் சுரங்கப் பணியகத்தின் ஆண்டேடு தமிழ்நாட்டு மாலிப்டினக் கனிவளத்தைச் சுமார் 1 கோடி டன் என்று கணக்கிட்டிருக்கிறது. அத்தனையையும் வெட்டினால் கிட்டத்தட்ட அத்தனையும் சேறாகத்தான் திரும்பி வரும். கன அளவில் 60, 70 லட்சம் கன மீட்டர். ஒரு பகுதியை வெட்டிய குழிக்குள்ளேயே திருப்பி நிரப்பலாம். மீதியைக் கரை கட்டித்தான் தேக்க வேண்டும்.

அப்படித் தேக்கிய சேறு என்ன ஆகும் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் பொம்மிடியில் ரயிலேறி, ஜோலார்பேட்டை கடந்து பங்காருப்பேட்டையில் இறங்கினால் கோலார் தங்கவயல் பக்கம்தான். நம் வட்டாரத்திலிருந்தும் வடார்க்காட்டிலிருந்தும் போன தமிழர்கள் நூறாண்டுக்கு மேல் தோண்டிய மண் அது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் போய்விட்டது, கம்பெனி போய்விட்டது. சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு மட்டும் மலை மலையாக அங்கேயே நிற்கிறது. காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது, மழை பெய்தால் வயலுக்குள் இறங்குகிறது. சுரங்கத்தின் ஆயுள் 20, 30 ஆண்டு என்பார்கள். அது விட்டுச்செல்லும் கரைக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. நம் பேரன் பேத்தி காலத்திலும் யாராவது அதைக் காவல் காத்தாக வேண்டும். அதற்கான பணத்தை யார், எந்தக் கணக்கில், முதல் நாளே போட்டு வைக்கப் போகிறார்கள்? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வராமல் ஒரு ஊராட்சியும் தலையசைக்கக் கூடாது.

கரை கட்டும் விதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது பொறியாளர்களின் பாடு என்று நாம் ஒதுங்கிப்போனால் அது கம்பெனியின் பாடு மட்டுமாக ஆகிவிடும். ஏரிக்கரையை ஒரே தடவையில் முழு உயரத்துக்குக் கட்டுகிறோம். சேற்றணையை அப்படிக் கட்டுவதில்லை. சேறு ஏற ஏறக் கரையையும் அடுக்கடுக்காக உயர்த்துவார்கள். ஒவ்வொரு அடுக்கையும் எதன் மேல் கட்டுகிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. கரையின் வெளிப்பக்கமாக, கெட்டித் தரையில் அகலப்படுத்தி உயர்த்தலாம். அதற்கு மண்ணும் கல்லும் நிறைய வேண்டும், செலவு அதிகம். மலிவான வழி உட்பக்கமாக நகர்ந்து, ஏற்கெனவே தேங்கிய சேற்றின் மேலேயே அடுத்த அடுக்கைக் கட்டுவது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது நாம் கட்டாந்தரை வரும்வரை விடுவதில்லை. இங்கே கரைக்கு அஸ்திவாரமே போன வருடத்துச் சேறு! மேலே காய்ந்து நடக்கலாம் போல இருக்கும். உள்ளே தண்ணீர் ஏறி ஒரு அளவைத் தாண்டினால், மண் துகள்களின் பிடி ஒரு நொடியில் விட்டுப்போய் மொத்தக் கரையும் திரவமாகி ஓடும். நிலநடுக்கம்தான் வர வேண்டும் என்பதில்லை. வெடி அதிர்வு, நீடித்த மழை, அடைத்துப்போன வடிகால் எதுவும் போதும்.

பிரேசிலில் புருமாடினோ என்ற ஊரில் நடந்ததைக் கேளுங்கள். வாலே என்ற பெரும் கம்பெனியின் இரும்புச் சுரங்கம். மேலே சொன்ன மலிவு வழியில் 1976 முதல் அடுக்கடுக்காக 86 மீட்டர் வரை உயர்த்திய அணை. 2016-க்குப் பிறகு அதில் சேறு விடுவதைக்கூட நிறுத்தியிருந்தார்கள். கரை உறுதியாக இருக்கிறது என்று 2018-இல் ஒரு பன்னாட்டுச் சோதனை நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. 2019 ஜனவரி 25, மதியச் சாப்பாட்டு வேளை. கரை இளகி, கிட்டத்தட்ட 1 கோடி கன மீட்டர் சேறு இறங்கியது. 270 பேர் செத்தார்கள். தோழர்களே, அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தச் சுரங்கத்தின் தொழிலாளர்கள். அவர்களுடைய சாப்பாட்டுக் கூடமே அணைக்கு நேர் கீழே இருந்தது. எச்சரிக்கைச் சங்கு ஊதவே இல்லை. வேலை வந்தால் போதும் என்கிற தம்பிகளே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். கரை உடைந்தால் முதலில் போவது அதன் கீழே வேலை பார்க்கிறவன் உயிர். பிரேசில் அந்த ஆண்டே இந்தக் கட்டுமான முறைக்குத் தடை போட்டது. 1965 நிலநடுக்கத்தில் ஓர் அணை உடைந்து 200 பேருக்கு மேல் மாண்ட சிலி நாடு அதற்கும் வெகு முன்பே தடை செய்துவிட்டது. நம் நாட்டில்?

இங்கேயும் உடைந்திருக்கிறது. 2019 ஏப்ரல் 9-இல் ஜார்க்கண்டின் முரியில் ஹிண்டால்கோ அலுமினா ஆலையின் செஞ்சேற்றுக் குளம் சரிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 10-இல், ஊரடங்குக் காலத்தில், மத்தியப் பிரதேசத்தின் சாசன் அனல்மின் நிலையச் சாம்பல் குளம் உடைந்து ஆறு பேரை அடித்துப்போனது. சேறு வேறு, சாம்பல் வேறு. கரை உடைகிற விதம் ஒன்று.

இப்போது நம் மழைக்கு வருகிறேன். எனக்குப் பெரிய பயமே இதுதான்.

2024 டிசம்பர் முதல் இரண்டு நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் கரையேறி வலுவிழந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்தோம். மறுநாள் கணக்கு வந்தது. ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர். இந்த ஊர்கள் இருக்கும் நம் இரண்டு மாவட்டங்களிலும் ஓராண்டு முழுக்கப் பெய்வதே 80, 90 சென்டிமீட்டர்தான். ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் தீப்பெட்டிகளாக உருண்டதை நாடே பார்த்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏழு உயிர்களை மூடியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டதில், தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் வரை வீடுகள் மூழ்கின.

அந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் மறுபடி பாருங்கள். ஊத்தங்கரை, அரூர். மாலிப்டினம் கிடக்கும் பகுதியும் அதே பகுதி. சேற்றணை வந்தால் அந்த மழையின் கீழேதான் நிற்கும். 125 ஏக்கர் பரப்பில் ஒரு சேற்றுக் குளம் இருந்தால், 50 சென்டிமீட்டர் மழை அதன் மேல் நேராகப் பெய்வதே 25 கோடி லிட்டர். சுற்றியுள்ள கரட்டிலிருந்து வழிந்து வருவது தனி. அந்தத் தண்ணீர் வெளியேற வழி இல்லையென்றால் கரையின் மேல் ஏறி ஓடும், ஓடிய இடத்தை அரித்துக்கொண்டே போகும். வழி இருந்தால் சேறு கலந்த தண்ணீர் ஓடையில் இறங்கும். இரண்டையும் தடுக்கும்படி வடிவமைக்க முடியும். அதற்கு எந்த மழையைக் கணக்கில் எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. 2024-க்கு முந்திய பழைய மழைப் பதிவுகளை வைத்து ஒரு ஆலோசனைக் கம்பெனி அறிக்கை எழுதிக் கொண்டுவந்தால், அதை மேசையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். உடைந்தால் உயிர்ச்சேதம் மிக அதிகமாகும் அணை என்றால், பத்தாயிரம் ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய வெள்ளத்தைத் தாங்கும்படி கட்டச் சொல்கிறது 2020 ஆகஸ்டில் வெளியான உலகளாவிய சேற்றணைத் தரநிலை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் பெரும் சுரங்கக் கம்பெனிகளின் கூட்டமைப்பும் முதலீட்டாளர் அமைப்பும் சேர்ந்து கொண்டுவந்தது அது. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. அவர்களே ஒப்புக்கொண்டதைக் கேட்கிறோம்.

'பொம்மிடி மேட்டில் இருக்கிறது, அரூர்ச் சேறு இங்கே ஏறி வராதே, நமக்கென்ன?' என்று கேட்டார் ஒரு தோழர். சேறு ஏறி வராது, உண்மை. ஆனால் சேர்வராயன் மலையில் பெய்வது நம் பக்கமாகத்தான் இறங்குகிறது. வாணியாறு பாப்பிரெட்டிப்பட்டியைத் தொட்டு, அரூர் வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. மலையில் மழை எவ்வளவு வலுத்தது, எந்த ஓடை எந்த இரவில் புரண்டது என்று முதலில் தெரிவது நமக்கு. நாம் மேட்டுக்காரர்கள் என்று வாயை மூடிக்கொண்டால் பள்ளத்துக்காரர்களுக்கு யார் சாட்சி சொல்வது?

சட்டம் காப்பாற்றும் என்று நம்பி உட்காராதீர்கள். 2021-இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் ஆற்றின் குறுக்கே நீரைத் தேக்கக் கட்டும் தடுப்பைத்தான் அணை என்கிறது. கரட்டோரத்தில் சேற்றைத் தேக்கக் கட்டும் கரை பெரும்பாலும் அந்த வரையறைக்குள் வராது. 2017-இன் கனிமப் பாதுகாப்பு விதிகள் கழிவை வெளியே ஓடாதபடி தனி இடத்தில் கொட்டச் சொல்கின்றன. எந்த முறையில் கரையை உயர்த்தக் கூடாது, கீழே எத்தனை தூரம் குடியிருப்பு இருக்கக் கூடாது என்று கேட்டால் அங்கே பதில் இல்லை. மிச்சமிருந்த ஒரே வாசல் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். மாவட்ட ஆட்சியர் முன்னால், கம்பெனி ஆட்கள் எதிரில், மைக்கைப் பிடித்து 'வரைபடத்தைக் காட்டு' என்று கேட்க ஒரு விவசாயிக்கு இருந்த உரிமை அது. 2025 செப்டம்பர் 8-இல் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டு அந்த வாசலையும் சாத்திவிட்டது. கனிமச் சட்டத்துக்கு 2023-இல் வந்த திருத்தத்தின் முக்கியக் கனிமப் பட்டியலில் இருப்பவற்றை வெட்ட இனிக் கருத்துக்கேட்பு வேண்டாமாம். அந்தப் பட்டியலில் 24 கனிமங்கள். மாலிப்டினமும் ஒன்று.

ஆகவே கிராமசபைதான் இனி நம் மேடை. அங்கே பேசி ஆகப்போவது என்ன என்று சலித்துக்கொள்பவர்கள் மேலூர்ப் பக்கம் பாருங்கள். மதுரை மாவட்டத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி 2024 நவம்பர் 7-இல் இந்துஸ்தான் ஜிங்க் கையில் போனது. அரிட்டாபட்டியும் சுற்றுக் கிராமங்களும் எழுந்தன. கிராமசபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தலைமைத் தபால் நிலையம் வரை ஜனங்கள் நடந்தார்கள். ஜனவரி 23-இல் ஏலம் ரத்து. மூன்று மாதம்கூட ஆகவில்லை! அவர்களிடம் இருந்தது ஒற்றுமையும் தாளில் எழுதிய தீர்மானமும்தான்.

நம் தீர்மானத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்கிறீர்கள். 'மக்களைப் பாதிக்காத வகையில்' என்று மழுப்பலாக எழுதினால் அது குப்பைக்குப் போகும். பெயர் சொல்லி எழுதுங்கள். சேற்றின் மேல் கரை உயர்த்தும் முறை எந்த வடிவிலும் கூடாது. கரைக்குக் கீழே வெள்ளம் அரை மணி நேரத்தில் எட்டும் தூரத்துக்குள் வீடோ பள்ளியோ தொழிலாளர் கூடமோ இருக்கக் கூடாது. சேற்றைப் பிழிந்து, தண்ணீரைத் திரும்ப எடுத்து, ஈரமண் பதத்தில் அடுக்கும் முறை இருக்கிறது. தண்ணீரே தேங்காவிட்டால் உடைந்து ஓடவும் எதுவும் இராது. ராஜஸ்தானின் ஜாவரில் அதே இந்துஸ்தான் ஜிங்க் அப்படி ஓர் ஆலையை நடத்துகிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது என்று கேளுங்கள். கரைக்குள் நீர்மட்டம் காட்டும் குழாய்களின் அளவை மாதாமாதம் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று எழுதுங்கள்.

கம்பெனி சம்பளம் வாங்காத பொறியாளர் குழு கரையைச் சோதிக்க வேண்டும் என்பதை மட்டும் யார் கெஞ்சினாலும் விட்டுவிடாதீர்கள். இத்தாலியில் ஸ்தாவா என்ற பள்ளத்தாக்கில் மலைமேல் ஒரு சேற்றணை இருந்தது. கரை பத்திரமா என்று 1974-லேயே அந்த ஊர் உள்ளாட்சி கேட்டது. சோதிக்கும் பொறுப்பை அதிகாரிகள் அந்தச் சுரங்கக் கம்பெனியிடமே கொடுத்தார்கள். நிலைமை விளிம்பில் இருக்கிறது என்று சோதனையில் தெரிந்தும், பயமில்லை என்று ஊருக்குப் பதில் போனது, கரை இன்னும் உயர்ந்தது. 1985 ஜூலை 19-இல் அது உடைந்தபோது 268 பேர். அந்த ஊர் கேட்கத்தான் செய்தது. பதில் சொன்னது யார் என்று கவனிக்கத் தவறியது.

தீர்மானத்தோடு இன்னொரு வேலையும் இப்போதே தொடங்க வேண்டும். சுரங்கம் வந்து கிணறு கெட்ட பிறகு 'முன்பும் இப்படித்தான் இருந்தது, உங்கள் மாவட்டத்துத் தண்ணீரே ஃபுளோரைடு தண்ணீர்தானே' என்பார்கள். ஒகேனக்கல் குடிநீர் வரும்வரை பல் கறுத்து, எலும்பு வளைந்த நம் ஜனங்களையே நமக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவார்கள். அதனால் இன்றைய தண்ணீரை இன்றைக்கே சோதித்து, தேதி போட்டு வைக்க வேண்டும். ஊருக்கு நாலு கிணறு, நாலு போர். குடிநீரில் மாலிப்டினம் லிட்டருக்கு 0.07 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரம். அந்த அளவு இப்போது என்ன என்று நம்மிடம் தாள் இருக்க வேண்டும்.

பால் சங்கத்து அக்காக்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாலிப்டினம் மிகுந்த மண்ணில் வளரும் புல்லைத் தின்னும் மாட்டுக்கு உடம்பில் தாமிரச் சத்து குறைந்துபோகும். விடாத கழிச்சல், மெலிவு, நிறம் மங்கிய ரோமம், சினை பிடிக்காமை. உலகத்தில் பல இடங்களில் பார்த்து எழுதி வைத்திருக்கும் நோய் இது. கரை உடையவே வேண்டாம், கசிந்தாலே போதும். மாட்டை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் நீங்கள். கால்நடை மருந்தகத்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வையுங்கள்.

தம்பிகளே, உங்கள் போனில் 2024 டிசம்பர் வெள்ளப் படங்கள் இன்னும் இருக்கும். அழிக்காதீர்கள். தண்ணீர் எந்தச் சுவரில் எதுவரை ஏறியது என்று வயசானவர்களிடம் கேட்டு, அந்த மட்டத்தில் பெயிண்டால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பள்ளிக்கூடச் சுவர், கோயில் படி, பாலத்துத் தூண், எதையும் விடாதீர்கள். நாளைக்கு எந்த ஆலோசகர் 'இங்கே இவ்வளவு வெள்ளம் வராது' என்று தாளை நீட்டினாலும், அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தக் கோட்டின் முன்னால் நிறுத்தலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடத் தெரிந்தவர்கள் கனிமவளத் துறைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் இந்த வாரமே போடுங்கள். எந்தத் தொகுதி எந்த நிலையில் இருக்கிறது, எந்தச் சர்வே எண்கள் அதில் அடங்குகின்றன என்று பதில் வரட்டும். அரூர்த் தோழர்களிடமும் ஊத்தங்கரைத் தோழர்களிடமும் பேசியாக வேண்டும். அவர்கள் அழைக்கும் வரை காத்திருக்காமல் நாமே போவோம்.

வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு பொம்மிடி ரயில் நிலையத்துக்கு எதிரில் கூடுகிறோம். ஊருக்கு ஐந்து பேராவது வாருங்கள், அதில் இரண்டு பேர் பெண்களாக இருக்கட்டும். உங்கள் ஊர் ஓடைகளையும் ஏரிகளையும் கையால் வரைந்த படம் ஒன்று, கிணற்றுத் தண்ணீர் ஒரு லிட்டர் சுத்தமான பாட்டிலில், கிராமசபைத் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்க நகல். இந்த மூன்றையும் கொண்டுவாருங்கள். தீர்மான வாசகத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதுவோம். திங்கட்கிழமை மனுநாளில் தர்மபுரி ஆட்சியரகத்தில் கொடுப்போம்.